ஆறாம் கலத்தில் எழுத வேண்டியது

எங்கள் சபைச் சட்டத்தின் நாற்பத்திரண்டாம் விதி இப்படிச் சொல்கிறது: அங்கத்தினர் ஒருவர்மீது எழுத்துமூலம் வரும் புகாரை, மூவருக்குக் குறையாத குழு ஒன்று முப்பது நாட்களுக்குள் நேரில் சென்று விசாரித்து, இணைப்பில் கண்ட படிவத்தில் அறிக்கை தர வேண்டும்.

புகார் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மூவரில் ஒருவருக்கு முழங்கால் வலி. இன்னொருவர் மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போனவர். அந்தக் குழந்தைக்கு இதற்குள் பல் முளைத்திருக்கும். மிச்சம் நான், வருவாய்த் துறையில் முப்பத்துநான்கு வருடம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவன். விதிப்படி நான் ஒருவனாகப் போவது செல்லாது. விதிப்படி போகாமல் இருப்பதும் செல்லாது. இரண்டு செல்லாதவற்றில் ஜன்னலோர இருக்கை உள்ளதைத் தேர்ந்தெடுத்தேன்.

புகாரின் சுருக்கம் இது. சிவகாசிக்குத் தெற்கே, ஏழாயிரம்பண்ணை போகிற வழியில் ஒரு சிற்றூர். அங்கே எங்கள் சபைக்கு ஓட்டுக் கூரைக் கோயில் ஒன்றும் முப்பது குடும்பங்களும் உண்டு. ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர் ஜெபமணி என்ற பெண். வார நாட்களில் பட்டாசுத் தொழிலாளி. அவர்மேல் இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று, சாட்சி நேரத்தில் சாட்சி சொல்லாமல் கேள்வி கேட்டார். இரண்டு, அவர் வைத்த கேள்விப் பெட்டியால் ராகு காலம் பீடத்தின்மேல் ஏறியது.

சாட்சி என்பது எங்கள் வழக்கம். ஆபத்திலிருந்து தப்பியவர் ஆராதனையில் எழுந்து நின்று, ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையைச் சொல்வார். சபை "ஸ்தோத்திரம்" சொல்லும். ஜெபமணி ஒருநாள் காய்ச்சலுக்கு விடுப்பு எடுத்தார். அன்று அவர் வேலை செய்யும் அறையில் விபத்து. அவருடைய இடத்தில் உட்கார்ந்த தோழி மாரியம்மாள் இறந்துபோனார். அடுத்த ஞாயிறு சபையார் ஜெபமணியைச் சாட்சி சொல்ல எழுப்பினார்கள். அவர் சொன்னதைப் புகாரில் உள்ளபடியே தருகிறேன்: "என்னையக் காப்பாத்துனாருன்னு சொல்லுதீக. அப்ப மாரிய என்ன செஞ்சாரு?"

பிறகு உட்கார்ந்துவிட்டார். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. புகார் பதிவானதும் பிள்ளைகளின் வகுப்பு நிறுத்தப்பட்டது. ஆராதனையில் அப்பமும் திராட்சரசமும் பெறும் நற்கருணையும் அவருக்கு நிறுத்தப்பட்டது.

படிவத்தில் ஏழு கலங்கள். முதல் ஐந்தும் பெயர், விலாசம், குற்றம் என்று எவரும் நிரப்பக்கூடியவை. ஏழாவதில் நான் 'உறுதி' என்று எழுதினால் ஜெபமணியின் பெயர் அங்கத்தினர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும். தொல்லை ஆறாம் கலத்தில்தான்: 'எதிர்மனுதாரர் எழுப்பிய ஐயத்துக்கு அளிக்கப்பட்ட விளக்கம்.' படிவத்தை வடிவமைத்தவர் அந்தக் கட்டத்துக்கு ஒன்றரை அங்குலம் ஒதுக்கியிருந்தார்.

நான் இருப்பது கோத்தகிரியில். அங்கே குடை இல்லாமல் தபால் பெட்டிவரைகூடப் போவதில்லை; பழக்கத்தில் குடையோடு விருதுநகரில் இறங்கினேன். ஆகாயம் தேய்த்துக் கவிழ்த்த அலுமினியச் சட்டிபோல இருந்தது. நிலைய வாசலில் ஓர் ஆட்டோக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயா குடை கொண்டாந்திருக்காக. அப்படியே கொஞ்சம் மழையும் கொண்டாந்திருக்கலாம்."

"ஏலே, வாய வச்சுக்கிட்டு சும்மா இருலே," என்றார் பக்கத்து ஆட்டோக்காரர். "சீசன் நேரத்துல மழை கேக்கான். காயப்போட்ட வெடி அம்புட்டும் நமுத்துப் போகும். ஐயா, நீங்க குடையை விரிச்சிராதீக."

எங்கள் ஊரில் மழையை யாரும் வரவேற்பதும் இல்லை, விரட்டுவதும் இல்லை. அது வாடகை தராமல் குடியிருப்பவர்களில் ஒருவர். இங்கே அதற்கு ஆதரவாகவும் எதிராகவும் கட்சிகள் இருந்தன.

மதியம் எண்ணெய் பரோட்டா. பரோட்டாவை எண்ணெயில் முக்கிப் பொரித்துப் பிய்த்து, மேலே சால்னாவை ஊற்றித் தருகிறார்கள். கோத்தகிரியில் இதைச் சாப்பிட வேண்டுமானால் மருத்துவரின் தடையின்மைச் சான்று தேவைப்படும். எதிரில் உட்கார்ந்திருந்தவர் மிளகாய் வத்தல் வியாபாரி. சட்டையே அதைச் சொன்னது, நான் இரண்டு முறை தும்மினேன். ஆறாம் கலம் மண்டையைக் குடைந்துகொண்டிருந்ததால், பெயர்களை விட்டுவிட்டு விஷயத்தை அவரிடம் சொல்லி, அவராக இருந்தால் என்ன பதில் சொல்வார் என்று கேட்டேன்.

அவர் யோசிக்கவில்லை. "குடோன்ல ரெண்டு மூட்டை இருக்கு. ஒண்ணு நனைஞ்சிருச்சு, ஒண்ணு நனையல. ஏன்னு கேட்டுக்கிட்டு நிக்க முடியுமா? நனைஞ்சத வெயில்ல கொண்டுபோய்ப் போடணும். அம்புட்டுத்தான்." பிறகு என் இலையைக் காட்டினார். "சாப்பிடுங்க. ஆறுனா மொறுமொறுப்பு போயிரும்."

நல்ல பதில். ஆனால் ஜெபமணி கேட்டது மூட்டையைப் பற்றி அல்ல, குடோனுக்குச் சொந்தக்காரரைப் பற்றி.

அன்று சிவகாசியில் ஒரு விடுதியில் தங்கினேன். மறுநாள் காலை பேருந்து நிறுத்தத்தில் நின்று, போக வேண்டிய ஊரின் பெயரைச் சொல்லி நாலு பேரிடம் விசாரித்தேன். ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே முழுக்கப் பெண்கள், ஒவ்வொருவர் மடியிலும் ஒரு தூக்குவாளி. ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "அந்த வழியாத்தான் ஐயா போகுது, ஏறுங்க," என்றார். இப்படி ஏறுவது எந்தெந்தப் பிரிவுகளின்படி தவறு என்று எனக்குத் தெரியும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நானும் ஏறினேன்.

"ஐயாவ நடுவுல உக்கார வைங்கடி. மேடு பள்ளத்துல குடையப் பிடிச்சுக்கிட்டுப் பறந்துரப் போறாக."

"காலையில சாப்பிட்டீகளா ஐயா?"

சாப்பிட்டேன் என்றேன். நம்பாமல் ஒருவர் தூக்குவாளியைத் திறந்து அரை இட்லி தந்தார். முழு இட்லி தந்தால் நான் மறுப்பேன் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

வேன் அந்த ஊர் வழியாகத்தான் போனது. ஆனால் நிற்கவில்லை. கோயில் கோபுரம் ஜன்னலில் வந்து, ஜன்னலில் போயிற்று. நான் கூப்பிட்டது ஓட்டுநர் காதில் விழவில்லை. வேன் நின்ற இடம் காய்ந்த காட்டுக்கு நடுவே ஒரு பட்டாசுக் கம்பெனியின் வாசல்.

கையில் கோப்பும், மூக்கில் கண்ணாடியும், தலையில் நரையுமாக நான் இறங்கியதைக் காவலாளி பார்த்தார். அவர் முகம் மாறியது. ஒருவர் உள்ளே ஓடினார். வேப்பமரங்களுக்கு அப்பால், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சிறு அறைகளில் ஒன்றிலிருந்து மூன்று பெண்கள் எதிர்ப்பக்கக் கதவு வழியாக வெளியே வந்து, ஒன்றும் நடக்காததுபோல ஒரு மரத்தடிக்கு நடந்து போனார்கள். ஓர் அறையில் இத்தனை பேர்தான் என்பது விதி. எண்ணிக்கை சரியாகிக்கொண்டிருந்தது. எங்கள் தாலுகா அலுவலகத்திலும் ஆய்வு அன்று இப்படித்தான். அங்கே ஆட்கள் குறையாமல் கூடுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

"நான் அதிகாரி இல்லை," என்றேன்.

"எல்லா ஆபீசரும் முதல்ல அப்படித்தான் ஐயா சொல்லுவாக," என்று காவலாளி பணிவாகச் சொல்லி, என் கைபேசியையும் கைக்கடிகாரத்தையும் வாங்கி ஒரு பெட்டியில் வைத்தார். குடையைத் தனியாக மூலையில் சாத்தினார். "கம்பி இரும்பு, உரசுனா பொறி வரும். உள்ள போகக் கூடாது." பதிவேடுகளோடு போர்மேன் ஓடிவந்தார். ஒரு பதிவேட்டைத் திறந்து பார்க்கும் ஆசையை நான் அடக்கிக்கொண்டது உண்மை. கோப்பைத் திறந்து சபைக் கடிதத்தைக் காட்டினேன். அவர் ஒரு முறை படித்தார். மறுமுறை படித்துவிட்டு மரத்தடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏத்தா, உள்ள போங்க. இது கோயில் ஆபீசரு."

மரத்தடியில் சிரிப்புக் கேட்டது. போர்மேனின் முகத்தில் நிம்மதியும் லேசான ஏமாற்றமும் இருந்தன.

"ஜெபமணி அக்கா விசயமா? அக்கா இப்ப இங்கனதான் வேலை. விபத்து நடந்த கம்பெனிய மூடுனதும் இங்க வந்தாக. வெடிமருந்துப் பக்கம் வரமாட்டேன், லேபிள் ஒட்டுறேன்னாக. சரின்னேன். இன்னைக்கு லீவு." அவர் எனக்கு டீ வரவழைத்தார். நான் கேட்காமலே தொடர்ந்தார். "எங்க வேலையில ஒண்ணு உண்டு ஐயா. கலந்த மருந்து மீந்துபோச்சுன்னா ராத்திரி அறையில வைக்கக் கூடாது. ஈரம் பட்டா தானா சூடேறும். அன்னன்னைக்கு வெளிய கொண்டுபோய் அழிச்சிரணும். அக்கா கேட்டதும் அந்த மாதிரிதான். அன்னைக்கே எடுத்து வெளிய வச்சுப் பேசியிருக்கணும். நீங்க அஞ்சு மாசமா உள்ள வச்சுப் பூட்டிட்டீக."

அது எத்தனையாவது விதி என்று கேட்டேன்.

"நம்பர் தெரியாது ஐயா," என்று இடது கையை விரித்துக் காட்டினார். இரண்டு விரல்கள் இல்லை.

திரும்பி வர அதே வேன். இப்போது உள்ளே ஓட்டுநரும் நானும் மட்டும். அவர் பெயர் கருப்பசாமி, நாற்பது வயது இருக்கும். ஊருக்குள் நிறுத்தாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டார். "கோப்பு இருந்துச்சா, கம்பெனிக்குத்தான்னு நினைச்சுட்டேன்." கொஞ்ச தூரம் போனதும், "ஐயா, மாரியம்மா என் வீட்டுக்காரி," என்றார்.

கையிலிருந்த கோப்பை மூடி மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"எம்புட்டோ பேரு வந்தாக. எல்லாரும் ஆறுதல் சொன்னாக. விதின்னாக, நேரம்னாக. கேட்டுக்கிட்டேன். ஜெபமணி மட்டும் ஆறுதல் சொல்லல. அதோட சாமிகிட்டப் போய்ச் சண்டை போட்டுருச்சு, கோயில்ல வச்சு. எங்களுக்கு அந்தச் சாமி இல்ல. ஆனா எம் பொண்டாட்டிக்காக ஒரு ஆள் ஒரு சாமிகிட்டக் கேட்டுச்சுல்ல." கியரை மாற்றினார். "அதப் போய்த் தப்புன்னு எழுதிராதீக ஐயா."

கோயில் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். குடை கம்பெனியில் இருப்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

புகார் எழுதியவர் உபதேசியார் ஞானமுத்து. குருவானவர் மாதம் ஒரு முறைதான் வருவார்; மற்ற நாட்களில் கோயிலைத் திறப்பது, மணி அடிப்பது, ஜெபிப்பது, அடக்கம் செய்வது எல்லாம் இவர்தான். வெள்ளை வேட்டி, மெலிந்த உடம்பு, பயந்த கண்கள். நான் கேட்டதும் கேள்விப் பெட்டியைக் கொண்டுவந்தார். பட்டாசுக் கிப்ட் பாக்ஸ் ஒன்றின் அட்டை, மூடியில் துளை. ஆனால் உள்ளே இருந்த தாள்கள்தான் என்னை உட்கார வைத்தன.

தினசரி நாட்காட்டித் தாள்கள். எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் 30, மேலே பிப்ரவரி. கீழே நட்சத்திரம், எமகண்டம், ராகு காலம் எல்லாம் முறைப்படி கணித்துப் போட்டிருந்தது.

"அச்சாபீசுல தப்பாயிருச்சு ஐயா," என்றார். "ஒருத்தரும் கவனிக்கல. முழு லோடும் ஓடி முடிஞ்சப்புறம்தான் பாத்திருக்காக. இந்த ஒரு தாள மட்டும் கட்டுக்கட்டா உருவிப் போட்டுட்டாக. பின்பக்கம் வெள்ளையா இருந்துச்சா, பிள்ளைக எழுத ஆகும்னு ஜெபமணி வாங்கிட்டு வந்துச்சு."

"பீடத்தின்மேல் வைத்தது யார்?"

அவர் கோயில் சுவரைப் பார்த்தார். "நாந்தான். வேற அலமாரி இல்ல. திறந்து வாசிக்கயில சீட்டு கவுந்து விழுந்துச்சு. ராகு காலம் மேல வந்துருச்சு. முன்வரிசையில எல்லாரும் பாத்துட்டாக."

இரண்டாம் குற்றச்சாட்டுக்கு என் முடிவை அங்கேயே எழுதினேன்: 'மேற்படி ராகு காலம் நாட்காட்டியில் இல்லாத ஒரு நாளுக்கு உரியது. அந்த நாள் வரப்போவதில்லை என்பதால் எவருக்கும் பாதிப்பில்லை.' என் பணிக்காலத்தில் இதைவிட உறுதியான முடிவு எதையும் நான் எழுதியதில்லை.

பிறகு சீட்டுகளைப் படிக்க ஆரம்பித்தேன். மாலைவரை படித்தேன். 'எரிந்தும் கருகாத முட்செடியில் என்ன மருந்து போட்டிருந்தது?' 'வெள்ளத்தில் மிதந்த பேழை மரம்தானே, உள்ளே கரையான் ஜோடியும் இருந்ததா? ஓட்டை போடாதா?' 'இடி மின்னல் வந்தால் எங்கள் அம்மா வேலையை நிறுத்தி வெளியே வந்துவிடுவாள். மலைமேல் ஆண்டவரிடம் கட்டளை வாங்கப் போனவர் ஏன் இறங்கி ஓடவில்லை?' நானும் ஓய்வுநாள் பள்ளியில் படித்தவன்தான். எரியும் செடியை எத்தனை முறை கேட்டிருப்பேன். ஒரு முறைகூட நின்று பார்த்ததில்லை. நெருப்போடு வாழும் பிள்ளைகள் நின்று பார்த்திருந்தார்கள்.

ஒரு சீட்டு மட்டும் தனியாக மடித்திருந்தது. 'உயிர்த்தெழுந்த பிறகும் ஆண்டவர் கையில் காயம் ஏன் இருந்தது? எல்லாம் சரியாகியிருக்க வேண்டாமா?'

"அதுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?"

"சொல்லல," என்றார் உபதேசியார். "அந்தப் பிள்ளையோட அம்மாவுக்குக் கையெல்லாம் தீத்தழும்பு." பெட்டியை மூடி வைத்துவிட்டு, "ஐயா, நான் ஒண்ணு சொன்னா அறிக்கையில எழுதுவீகளா?" என்று கேட்டார்.

"சொன்ன பிறகு பார்க்கலாம்."

"ஜெபமணி தப்புப் பண்ணுச்சுன்னு நான் நினைக்கல. அது கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியல. பைபிளைப் புரட்டிப் பாத்தேன், முழங்கால் போட்டுப் பாத்தேன், தெரியல. மேலிடத்துக்கு ரெண்டு கடிதாசி போட்டேன், இந்த மாதிரி ஒருத்தி கேக்கா, என்ன சொல்லணும்னு. பதிலே வரல. மூணாவது தடவை போன் பண்ணேன். உரிய படிவத்துல அனுப்புங்கன்னாக. கேள்வி கேக்க உங்ககிட்டப் படிவம் இல்லையே ஐயா. புகாருக்குத்தான் இருக்கு."

அவர் சொன்னது சரி. எங்கள் சட்டத்தின் இணைப்புகளை நான் மனப்பாடமாகச் சொல்வேன். திருமணத்துக்கு, அடக்கத்துக்கு, இடமாற்றத்துக்கு, புகாருக்கு என்று பதினான்கு படிவங்கள். ஒருவர் ஒன்றைக் கேட்க விரும்பினால் அதற்குப் படிவம் இல்லை. அந்தப் படிவங்களைத் திருத்திய குழுவில் நானும் இருந்தேன்.

"அப்ப வகுப்பை ஏன் நிறுத்தினீர்கள்? நற்கருணையை?"

"புகார் நிலுவையில இருந்தா நிறுத்தணும்னு விதியில போட்டிருக்கு," என்றார். கண்கள் நிரம்பிவிட்டன. "விதிய நான் பாக்கல ஐயா. அனுப்புனப்புறம்தான் பாத்தேன்."

மூன்றாம் நாள் ஞாயிறு. மாதத்தில் ஒரு முறை வரும் குருவானவர் வந்திருந்தார். பெண்கள் பக்கத்தில் கடைசிப் பாயில், கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தவர்தான் ஜெபமணி என்று எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை; அவருக்கு முன்னால் ஒரு பாய் அளவு இடம் காலியாக இருந்தது. பாட்டை எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினார். நற்கருணைக்கு மற்றவர்கள் எழுந்தபோது அவர் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். பிரசங்கத்தில் குருவானவர் சந்தேகம் என்பது களை என்றார். நான் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆராதனை முடிந்ததும் ஜெபமணியே வந்தார். "விசாரணைன்னா வீட்டுல வச்சு விசாரிங்க ஐயா. சோறு ஆக்கியிருக்கேன்."

எதிர்மனுதாரர் வீட்டில் விசாரணை அதிகாரி உணவருந்தக் கூடாது என்பது நாற்பத்தாறாம் விதி. கருவாட்டுக் குழம்பின் வாசனை தெருமுனைக்கே வந்திருந்தது. நாற்பத்தாறாம் விதி அங்கேயே நின்றுகொண்டது.

ஒற்றை அறை வீடு. இரண்டாவது முறை குழம்பு ஊற்றினார். பிறகு கரண்டியைச் சட்டியில் வைத்தார்.

"வகுப்பத் திருப்பிக் குடுங்கன்னு நான் கேக்கல ஐயா. பேர எடுக்கணும்னா எடுத்துக்கோங்க. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க."

"ஆண்டவர்மேல் நம்பிக்கை போய்விட்டதா?" படிவத்தில் இல்லாத கேள்வி, வாயில் வந்துவிட்டது.

"நம்பிக்கை இல்லாதவ ஏன் கேக்கப் போறா? இல்லாத ஆள்கிட்ட யாராவது கேப்பாகளா?" சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. "மாரியும் நானும் பதினோரு வருசம் ஒரே அறையில வேலை. அவ கொழம்ப நான் சாப்பிடுவேன், என் கொழம்ப அவ சாப்பிடுவா. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்னு அவதான் மேஸ்திரிகிட்டச் சொல்லி லீவு வாங்கிக் குடுத்தா. அடுத்த ஞாயித்துக்கிழமை எந்திரிச்சு நின்னு, ஆண்டவர் தம் பிள்ளையக் காப்பாத்துனாருன்னு சொல்லச் சொன்னாக. அப்ப அவ யாரு பிள்ளை? அதச் சொன்னா அவளுக்கு ரெண்டாந் தடவை சாவு ஐயா. நான் எப்படிச் சொல்லுவேன்?"

நான் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தேன். இருபத்தொன்பது வயதில் ஒருநாள் மேட்டுப்பாளையம் போகும் பேருந்தைத் தவறவிட்டேன். அது மலைப்பாதையில் உருண்டது. அடுத்த ஞாயிறு எழுந்து நின்று சாட்சி சொன்னேன். நன்றாகவே சொன்னேன், சபை ஸ்தோத்திரத்தால் அதிர்ந்தது. அந்தப் பேருந்தில் ஜன்னலோரம் என் வழக்கமான இருக்கையில் யார் உட்கார்ந்தார் என்று அன்று நான் கேட்கவில்லை. அடுத்த நாற்பது வருடத்திலும் கேட்கவில்லை. அந்த வீட்டில், கருவாட்டுக் குழம்புக்கு முன்னால்தான் முதல் முறையாகத் தோன்றியது.

இதை ஜெபமணியிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, "உங்கள் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியாதம்மா," என்றேன்.

அரசு ஊழியர் தன் வாழ்நாளில் எழுதாத சொல் அது. 'பரிசீலனையில் உள்ளது' என்போம்; 'மேல்நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்போம்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத மொதல்லயே ஒருத்தரு சொல்லியிருந்தா நான் ஏன் ஐயா வேப்பமரத்தடியில நிக்கப் போறேன்."

பிறகு தானாகவே சொன்னார். "அந்தக் காயத்தப் பத்தி ஒரு பிள்ளை எழுதிப் போட்டுச்சே, படிச்சீகளா? அதுதான் என்னைய விடல. எந்திரிச்சு வரயில காயத்தோட வந்திருக்காரு. மறைக்கல. அப்பேர்ப்பட்டவருகிட்ட வலிக்குதுன்னு கேட்டா கோவிக்க மாட்டாருன்னுதான் தோணுது. கோவிச்சது சபைதான்."

மாலையில் உபதேசியாரை அழைத்து நாற்பத்துநான்காம் விதியை வாசித்துக் காட்டினேன்: ஏழாம் கலத்தில் முடிவு எழுதப்படும் முன் புகார்தாரர் எழுத்துமூலம் புகாரைத் திரும்பப் பெறலாம், பெற்றால் எல்லாத் தடையும் அன்றே நீங்கும். அவர் என்னை நம்ப முடியாமல் பார்த்தார். "இம்புட்டுத்தானா?" என்றார். இவ்வளவுதான். ஐந்து மாதமும் அது சட்டப் புத்தகத்தின் இருபத்தோராம் பக்கத்தில் இருந்தது. நான் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை ஜெபமணியிடம் அவரே கொண்டுபோய்க் காட்டினார்.

"நீ வார ஞாயித்துக்கிழமையே வகுப்ப ஆரம்பிக்கலாம்த்தா."

ஜெபமணி தலையை ஆட்டினார். "தடை போயிருச்சு, சரி. பிள்ளைக முன்னால நின்னு நான் என்ன சொல்ல? அது தெரியட்டும், வாரேன்."

விதியால் திறக்கக்கூடிய கதவைத் திறந்தாயிற்று. உள்ளே வருவது அவர் பாடு. கிளம்பும் முன் கோயிலுக்குள் போய், கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பின்பக்கம் ஒரு வரி எழுதி, துளை வழியாகப் போட்டேன்: 'வகுப்பு எப்போது தொடங்கும்?' கீழே பெயரும் விலாசமும் எழுதினேன். பெயரில்லாத மனுக்கள் ஏற்கப்படா என்பதை நான் மறக்கவில்லை.

நான்காம் நாள் கருப்பசாமி தன் வேனிலேயே சாத்தூரில் கொண்டுவந்து விட்டார். காராசேவு வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன், கோவை தாண்டும் முன் பாதி தீர்ந்தது. எதிர் இருக்கைப் பெண்மணி மீதிப் பாதியில் பாதியைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள். இரண்டு நாள் கழித்துக் கோத்தகிரி மூடுபனியில் தபால் பெட்டிக்கு நனைந்துகொண்டே போனபோது அந்தக் கையை நினைத்துக்கொண்டேன்.

புகார் திரும்பப் பெறப்பட்டாலும் அறிக்கை தர வேண்டும் என்பதால், ஆறாம் கலத்தில் 'தெரியாது' என்று எழுதி அனுப்பியிருந்தேன். மூன்று வாரத்தில் திரும்பி வந்தது: 'ஆறாம் கலம் முறையாக நிரப்பப்படவில்லை.' அதே சொல்லைத் தெளிவான கையெழுத்தில் மறுபடி எழுதினேன். கூடவே, கேள்விகளுக்கென்று பதினைந்தாவது படிவம் ஒன்றை வரைந்து இணைத்தேன். அதில் ஒரே ஒரு கலம்தான், முழுப் பக்கத்துக்கு. அதற்கு இன்றுவரை பதில் இல்லை. இரண்டு நினைவூட்டல்கள் அனுப்பியாயிற்று.

பல மாதம் கழித்து ஒரு மழைநாளில், சிவகாசியிலிருந்து டைரி லோடு ஏற்றிவந்த லாரிக்காரர் ஒருவர் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் என் குடை. "வெடிக் கம்பெனியில குடுத்துவிட்டாக ஐயா. மழை அங்கன வேண்டாமாம்."

குடையை விரித்தேன். மடிப்பிலிருந்து ஒரு தாள் விழுந்தது. ஜெபமணியின் கையெழுத்து.

'ஐயாவுக்கு ஸ்தோத்திரம். போன ஞாயித்துக்கிழமை வகுப்பு ஆரம்பித்துவிட்டேன். பிள்ளைகளிடம் மாரியைப் பற்றிச் சொன்னேன். என் கேள்வியைச் சொன்னேன். பதில் தெரியாது என்றும் சொன்னேன். அப்போது ஒரு பிள்ளை, ஆண்டவருக்காவது தெரியுமா டீச்சர் என்று கேட்டாள். அவரிடமே கேட்போம் என்று எல்லோரும் முழங்கால் போட்டோம். உபதேசியார் ஐயாவும் பின்னால் வந்து முழங்கால் போட்டார். எழுந்தபோது அவரும் பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டார். இன்னும் திறக்கவில்லை. கருப்பசாமி அண்ணன் மகளும் வகுப்புக்கு வருகிறாள். நிறையக் கேட்கிறாள்.'

லாரியில் வந்ததால் அஞ்சல் முத்திரை இல்லை. கடிதத்தில் ஜெபமணி தேதி எழுதவில்லை. வருகிற எந்தத் தாளையும் பதிவேட்டில் ஏற்றாமல் வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. தாளைத் திருப்பி, அதில் கண்டபடி எழுதினேன்.

பதில் பெறப்பட்ட நாள்: பிப்ரவரி 30.